சாட்சியத்தின் விலை: பழைய கைக்கடிகார ஏலங்கள் பற்றி ஓர் ஆய்வு

2023 மே 23 அன்று ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்த ஒரு பாடெக் ஃபிலிப் கைக்கடிகாரத்தின் டயல் பழுதுபட்டிருந்தது. பூச்சில் ஒரு பகுதியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். எந்த ஊர் வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்தாலும் முதலில் டயலை மாற்றத்தான் சொல்வார்கள். அந்த வாட்ச் 4 கோடியே 88 லட்சத்து 50 ஆயிரம் ஹாங்காங் டாலருக்கு, அதாவது சுமார் 62 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. சீனாவின் கடைசிப் பேரரசர் பூயீயிடம் இருந்த வாட்ச் அது. உலகப் போர் முடிந்து சோவியத் காவலில் கபரோவ்ஸ்க்கில் இருந்தபோது, டயல் பிளாட்டினம்தானா என்று பார்க்கத் தன் பணியாளை விட்டுச் சுரண்டச் சொன்னார், சாதாரண உலோகம் என்று தெரிந்ததும் வேலை பாதியில் நின்றது, பின்னர் அதைத் தன் ரஷ்ய மொழிபெயர்ப்பாளருக்கே கொடுத்துவிட்டார் என்பது அவரோடு இருந்தவர்கள் வழியாக வந்த செய்தி. ஏலம் விட்ட ஃபிலிப்ஸ் நிறுவனம் இதை மூன்றாண்டுகள் ஆராய்ந்து உறுதிசெய்ததாக அறிவித்தது. (1796இல் லண்டனில் தொடங்கிய ஏல நிறுவனம் இது, பல்பு தயாரிக்கும் ஃபிலிப்ஸ் வேறு.) சுரண்டிய தடத்தை இடையில் யாராவது நல்லெண்ணத்தோடு சரிசெய்திருந்தால், அந்தச் செய்திக்கு வாட்சிலேயே இருந்த சான்று அழிந்திருக்கும்.

பழைய ஆடம்பரக் கைக்கடிகாரங்களின் ஏலத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாட்ச் போதிய திறவுகோல் என்று நினைக்கிறேன். இச்சந்தையை விளக்க வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: கைவினையின் மேன்மை, எண்ணிக்கையின் அருமை, பணக்காரர்களின் போட்டி. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் விலைப்பட்டியல் விளங்குவதில்லை. உண்மையில் அங்கே விலை போவது ஒரு பொருளைப் பற்றிய சாட்சியம். இது இன்ன ஆண்டில் செய்யப்பட்டது, இன்னாரிடம் இருந்தது, இதன் உறுப்புகள் மாற்றப்படவில்லை என்ற கூற்றுகளுக்கு எவ்வளவு நம்பிக்கை கிடைக்கிறதோ அவ்வளவு விலை கிடைக்கிறது. அப்படியானால் இச்சந்தையின் நலிவும் அங்கேதான் இருக்க வேண்டும். சாட்சி சொல்பவர் யார், அந்த விலையில் அவருக்கு என்ன பங்கு என்ற கேள்வியை இத்துறை இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை. இக்கட்டுரையின் வாதம் அதுவே.

இந்தச் சேகரிப்பு மரபு பழையது போலத் தோன்றினாலும் வயது குறைவு. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு சிறிய கார் வாங்கும் பணம். ஆனால் சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மலிந்தது, சாவி கொடுக்கும் வாட்சைவிடத் துல்லியமாகவும் ஓடியது. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நம் பக்கத்தில் அதே மாற்றம் சற்றுத் தாமதமாக வந்தது: ஓசூரில் டைட்டன் ஆலை எழுந்தது, ஒரு தலைமுறையின் கல்யாணப் பரிசாக இருந்த எச்.எம்.டி. மெல்லத் தேய்ந்து, 2016இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. நேரம் பார்க்க இயந்திர வாட்ச் தேவையில்லை என்று ஆன பிறகுதான் அது சேகரிக்கத்தக்க பொருளாயிற்று. 1980களில் இத்தாலியச் சேகரிப்பாளர்கள் பழைய ரோலெக்ஸ்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஜெனீவாவில் 1974இல் தொடங்கப்பட்ட அன்டிகோரம் நிறுவனம் கடிகாரங்களுக்கென்றே தனி ஏலங்களை நடத்தியது. 1989இல் பாடெக் ஃபிலிப்பின் 150ஆம் ஆண்டையொட்டி அது நடத்திய ஏலத்தில், அந்த ஆண்டுவிழாவுக்காகச் செய்த காலிபர் 89 என்ற பைக்கடிகாரம் 49 லட்சத்து 50 ஆயிரம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது.

அந்த ஏலங்களின் விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவை விட்டுச்சென்ற அச்சுப் புத்தகங்கள். எந்த மாடல் எந்த ஆண்டில் வந்தது, எத்தனை செய்யப்பட்டன, எந்த டயல் எந்தக் கேஸில் வரும் என்பதையெல்லாம் சேகரிப்பாளர்கள் கற்றது பெரும்பாலும் ஏலப் பட்டியல்களிலிருந்து. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பல்கலைக்கழகத் துறைகள் உண்டு, விற்பனையோடு ஒட்டாத அருங்காட்சியக அறிஞர்கள் உண்டு. கைக்கடிகாரத்துக்கு அப்படி ஓர் அறிவுலகம் உருவாவதற்கு முன்பே சந்தை உருவாகிவிட்டது. துறையின் வரலாற்றைப் பெரிதும் எழுதியவர்கள் விற்பவர்களே. அவர்கள் பொய் எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் சிலரின் உழைப்பு வியக்கத்தக்கது. எழுதிய கையும் விற்ற கையும் ஒன்றாக இருந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கைவினையே விலையைத் தீர்மானிக்கிறது என்ற கூற்றை முதலில் பார்க்கலாம். பாடெக் ஃபிலிப்பின் 1518 என்ற மாடல் 1941இல் வந்தது. லீப் வருடத்தையும் கணக்கில் வைத்துத் தானே தேதி மாற்றிக்கொள்ளும் நிரந்தர நாட்காட்டியையும் ஸ்டாப்வாட்சையும் ஒரே கைக்கடிகாரத்தில் இணைத்து, தொடர் உற்பத்தியாகச் செய்த முதல் மாடல் அது. 1954 வரை 281 செய்யப்பட்டன. பெரும்பாலானவை தங்கம். எஃகுக் கேஸில் வந்தவையாக இன்று நான்கு மட்டுமே அறியப்படுகின்றன. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் 1 கோடியே 10 லட்சத்து 2 ஆயிரம் ஃபிராங்குக்குப் போனது. தங்கத்தில் உள்ள அதன் உடன்பிறப்புகள் பல, அந்த விலையில் சிறு பகுதியைத்தான் எட்டுகின்றன. உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றே. வெளியே இருப்பதோ மலிவான உலோகம். எஃகு குடைவதற்குக் கடினம் என்பது உண்மை, ஆனால் அந்தக் கடினத்துக்கு இத்தனை பெரிய வேறுபாட்டைத் தாங்கும் வலு இல்லை. ஆகவே கைவினை இந்த மாடலை வரிசையின் மேல்தட்டுக்குக் கொண்டுவருகிறது. மேல்தட்டுக்குள் எது எங்கே நிற்கும் என்பதை அது சொல்லவில்லை.

அருமைதான் காரணம் என்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: நான்கே இருப்பதால்தானே அந்த விலை? ஆம். ஆனால் ‘நான்கே இருக்கின்றன’ என்பது எங்கிருந்து வந்த செய்தி? கம்பெனியின் பதிவேட்டிலிருந்தும் முந்தைய ஏலங்களின் பட்டியலிலிருந்தும் வந்தது. அருமை என்பது பொருளின் மேல் எழுதியிருக்கும் குணம் இல்லை, பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒருவர் சொல்லும் முடிவு. மேலும், வெறும் அருமை எதையும் விற்றுத் தராது. பெயர் தெரியாத எத்தனையோ சிறு சுவிஸ் கம்பெனிகளின் வாட்சுகளில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு யாரும் கை தூக்குவதில்லை. பதிவேடு இருக்கிற, பேசுவதற்கு ஆள் இருக்கிற அருமைக்குத்தான் விலை.

இதைத் திரும்பப் பார்த்தால், மிகச் சாதாரணமாகப் பெருகியிருந்த வாட்சும் சாட்சியத்தின் பலத்தால் உச்சிக்குப் போகிறது. ரோலெக்ஸ் டேடோனா 6239 ஒரு வழக்கமான உற்பத்தி மாடல். அதில் ஒரு வகை டயல், சிறு வட்டங்களில் சதுரக் குறிகளோடு சற்று விசித்திரமாக இருக்கும். 1960களில் வாங்க ஆளில்லாமல் கடைகளில் தங்கிய சரக்கு அது. நடிகரும் கார்ப் பந்தய வீரருமான பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் உட்வர்ட் அப்படி ஒன்றை வாங்கி, கவனமாக ஓட்டும்படி ஒரு வரியைப் பின்பக்கம் பொறித்துக் கொடுத்தார். நியூமன் அதை 1984இல் தன் மகளின் நண்பருக்குக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் அது 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. அதே டயல் கொண்ட மற்ற வாட்சுகள் அன்று லட்சக்கணக்கில் இருந்தன, கோடியில் இல்லை. 2020இல் நியூமனின் இன்னொரு டேடோனா ஏலத்துக்கு வந்தபோது 54 லட்சத்து 75 ஆயிரம் டாலரோடு நின்றது. மனிதர் ஒருவரே, கம்பெனி ஒன்றே. முதலாவது வாட்சுக்குத்தான் அந்த டயலுக்கே அவர் பெயர் வரக் காரணமான கதை இருந்தது. 2019இல் விற்ற மார்லன் பிராண்டோவின் ரோலெக்ஸ் ஜி.எம்.டி. இன்னும் துலக்கமான உதாரணம். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் அவர் கட்டியிருந்த அந்த வாட்சில் எண்கள் உள்ள சுற்று வளையமே கிடையாது. அதை அகற்றிவிட்டுத்தான் நடித்தார். பின்மூடியில் தன் பெயரைத் தானே கீறியிருந்தார். உறுப்பு ஒன்று இல்லாத வாட்ச் 19 லட்சத்து 52 ஆயிரம் டாலருக்குப் போனது, அந்த இல்லாமையே படச் சுருளோடு ஒத்துப்போகும் சான்று என்பதால்.

பிரபலங்கள் கட்டாத வாட்சுகளில் இதே சாட்சியம் பொருளின் தோலில் எழுதப்பட்டிருக்கிறது. சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியில் தேடுவது அதைத்தான். கேஸின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, பலமுறை பாலிஷ் போட்டு மழுங்கியிருக்கின்றனவா. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் இரண்டு பக்கமும் ஒரே பருமனா. தங்க முத்திரை தெளிவாகப் பதிந்திருக்கிறதா. டயலின் எழுத்து அந்தக் காலத்து அச்சுத்தானா. இருட்டில் ஒளிரும் பூச்சு தனி ஆராய்ச்சி. 1960கள் வரை ரேடியம், பிறகு டிரிட்டியம். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள், ஆகவே பழைய ரேடியம் டயலின் அருகே கைகர் கருவி இன்றும் படபடக்கும். ஆனால் கதிரை ஒளியாக மாற்றும் ரசாயனம் எப்போதோ எரிந்து தீர்ந்துவிட்டதால் இருட்டில் ஒளிராது. டிரிட்டியத்துக்கோ அரை ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள்தான். 1965ஆம் ஆண்டு டயலில் இன்று ஐந்து அரை ஆயுள்கள் கடந்து முப்பதில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருக்கும். எனவே அறுபது வயது வாட்சின் முட்கள் இரவெல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ மறுபூச்சு பூசியிருக்கிறார்கள் என்று பொருள். வெயிலிலும் ஈரத்திலும் கறுப்பு டயல் காபி நிறத்துக்கு மாறினால் அதற்கு ‘டிராபிக்கல்’ என்று பெயர். கம்பெனியின் பார்வையில் பூச்சுக் கோளாறு. ஏலத்தில் அது பல மடங்கு கூடுதல் விலை. காலம் மட்டுமே செய்யக்கூடிய வேலை, ஆகவே மனிதக் கை படவில்லை என்பதற்கு அத்தாட்சி என்று அது எண்ணப்படுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. வாட்ச் ஓடவேண்டிய இயந்திரம். எண்ணெய் போட வேண்டும், தேய்ந்த பல்சக்கரத்தை மாற்ற வேண்டும், மங்கிய டயலைப் புதுப்பிக்க வேண்டும். பழுது பார்ப்பதைக் குற்றமாக்குவது பொருளின் இயல்புக்கே விரோதம் அல்லவா? நம் நாட்டில் இந்த மறுப்புக்குத் தனி வலு உண்டு. மங்கிய எச்.எம்.டி.க்கும் ஃபாவ்ரே லூபாவுக்கும் புது டயல் பூசி, பளபளப்பாக்கி, இன்னும் இருபது வருடம் ஓட வைப்பது இங்கே ரிப்பேர்காரரின் திறமை. அதே வாட்சுகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கைக்குப் போகும்போது ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்ற இகழ்ச்சிப் பெயரைப் பெறுகின்றன. ரிப்பேர்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. தன்னிடம் வந்தவருக்கு நேரம் காட்டும் வாட்ச் வேண்டும் என்று அறிந்து வேலை செய்தார். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன், கட்டுவதற்காக வாங்கும் வாட்சைப் பொறுத்தவரை. ஆனால் ஏல மேடைக்கு வரும் வாட்ச் தன் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டது. கல்வெட்டைப் படிக்க வந்தவருக்கு எழுத்து மழுங்கும்படி தேய்த்துக் கழுவிய கல்லைக் காட்டினால் கல் பளிச்சென்று இருப்பதில் அவருக்கு என்ன பயன்? மாற்றம் தவறு இல்லை, சொல்லாமல் விட்ட மாற்றம்தான் தவறு. உள் இயந்திரத்தின் தேய்மான உறுப்புகளை மாற்றியிருப்பதைச் சந்தையே பொறுத்துக்கொள்கிறது. டயலையும் முட்களையும் மாற்றிவிட்டு மௌனமாக இருப்பதைத்தான் பொறுக்க முடியாது.

அப்படியானால் மௌனத்தை உடைப்பவர் யார்? முதல் சாட்சி கம்பெனியின் ஆவணக் காப்பகம். பாடெக் ஃபிலிப் கேட்பவர்களுக்குப் பதிவேட்டுச் சான்று எழுதித் தருகிறது: இயந்திர எண், கேஸ் எண், செய்த ஆண்டு, விற்ற தேதி. மதிப்பு மிக்க ஆவணம் அது. ஆனால் அது பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. இன்று மேசை மேல் இருக்கும் டயல் அன்று பொருத்திய அதே டயல்தானா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. ரோலெக்ஸ் அந்தச் சான்றைக்கூட வெளியாருக்குத் தருவதில்லை. இரண்டாவது சாட்சி ஏல நிறுவனம். அது வாட்சைப் பிரித்துப் பார்க்கிறது, நிலை அறிக்கை எழுதுகிறது. ஆனால் அதன் வருமானம் சுத்தியல் விழும் விலையோடு ஏறி இறங்குகிறது. நியூமன் வாட்சுக்குச் சுத்தியல் விழுந்தது 1 கோடியே 55 லட்சம் டாலரில். மீதி 22 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குத் தனியே கொடுத்த கட்டணம். ஏல நிபந்தனைகளைப் படித்தால், பொருள் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, பழுது பார்த்தபோது அசல் அல்லாத உறுப்புகள் சேர்ந்திருக்கலாம் என்ற வாசகங்கள் இருக்கும். முன்பக்கம் ‘அசல் நிலை’ என்று வியந்து எழுதும் அதே புத்தகம் பின்பக்கத்தில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறது.

மூன்றாவதாக ஒரு சாட்சி உண்டு, அவர் வாங்குபவரும்கூட: வாட்ச் கம்பெனியின் சொந்த அருங்காட்சியகம். தன் வரலாற்றைத் தானே திரட்டுவது கம்பெனிக்கு உரிமையான காரியம்; ஜெனீவாவில் 2001இல் திறந்த பாடெக் ஃபிலிப் அருங்காட்சியகம் போன்ற ஒன்று இல்லாவிட்டால் கடிகார வரலாறே ஏழ்மைப்பட்டிருக்கும். ஆனால் பழைய வாட்சின் ஏல விலை புதிய வாட்சின் விளம்பரமாகவும் வேலை செய்கிறது. 2007 ஏப்ரலில் ஜெனீவாவில் அன்டிகோரம் ‘ஒமேகாமேனியா’ என்ற பெயரில் ஒமேகா வாட்சுகளை மட்டும் ஏலம் விட்டது. 1950களின் பிளாட்டினம் வாட்ச் ஒன்று சுமார் 3 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்குப் போய், ஏலத்தில் ஒமேகாவுக்குக் கிடைத்த உச்ச விலை என்று விளம்பரமானது. வாங்கியது ஒமேகாவே என்று அதே ஆண்டு அக்டோபரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ எழுதியது. அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள் என்பதை நம்பலாம். அப்போதும், அந்த விலையைப் படித்துத் தன் பெட்டியில் உள்ள ஒமேகாவின் மதிப்பைக் கணக்கிட்டவருக்கு வாங்கியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த நிகழ்ச்சி பதினான்கு ஆண்டுகள் கழித்து. ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதல் மாடல் 1957இல் வந்த 2915-1. நிலவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டர்களின் மூதாதை. அகன்ற அம்பு போன்ற மணி முள்ளும் உலோகச் சுற்று வளையமும் அதன் அடையாளம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு அப்படி ஒன்று வந்தது. டயல் அழகாகப் பழுப்பேறிய ‘டிராபிக்கல்’. மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 ஃபிராங்க். சுத்தியல் விழுந்து கட்டணமும் சேர்ந்து 31 லட்சத்து 15 ஆயிரத்து 500 ஃபிராங்க். மதிப்பீட்டின் மேல் எல்லையைப் போல இருபத்தைந்து மடங்குக்கும் மேல். ஒமேகாவின் ஏல வரலாற்றில் அதுவரை இல்லாத உயரம். வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். 2023இல் உண்மை வெளியே வந்தது. அந்த வாட்ச் பல பழைய வாட்சுகளின் உறுப்புகளைக் கூட்டிச் சேர்த்தது. உறுப்புகள் பெரும்பாலும் ஒமேகாவினுடையவையே. ஆனால் அவை சேர்ந்து அந்த வாட்சாக என்றும் இருந்ததில்லை. இத்தகையதைச் சேகரிப்பாளர்கள் ஃபிராங்கன்வாட்ச் என்பார்கள். தன் முன்னாள் ஊழியர்கள் மூவர் இதில் தொடர்புடையவர்கள், பாரம்பரியப் பிரிவைக் கவனித்தவரே இதை அருங்காட்சியகத்துக்கு வாங்கியாக வேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாடினார் என்று ஒமேகா அறிவித்து, குற்றவியல் நடவடிக்கையும் தொடங்கியது. ஃபிலிப்ஸ் தரப்பு, இயந்திர எண்ணும் மாடலும் விற்ற தேதியும் ஒமேகாவின் ஆவணக் காப்பகமே உறுதிசெய்தவை என்று சொன்னது.

இந்த நிகழ்ச்சியைத் தனிமனித நேர்மைக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. ஏல நிறுவனம் கம்பெனியின் காப்பகத்தை நம்பியது. கம்பெனியின் நிர்வாகம் தன் பாரம்பரியப் பிரிவை நம்பியது. மற்ற எல்லோரும் விலையை நம்பினார்கள். இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் சரிபார்க்காமலா இருப்பார் என்று. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துவிட்டார் என்று நம்பிய சங்கிலியில் வெளியாள் ஒருவரும் இல்லை. காலம் மட்டுமே தரக்கூடியது என்று எண்ணப்பட்ட பழுப்பு நிறமும் அங்கே காப்பாற்றவில்லை, ஏனென்றால் அந்த டயல் அந்தக் கேஸில்தான் பழுப்பேறியது என்று நிறம் சொல்லாது. தொழில் ரகசியம் தெரிந்த ஒருவர், சந்தை எதையெல்லாம் சாட்சியமாக ஏற்கிறது என்று அறிந்து, அதே அடையாளங்களை ஒன்றுசேர்த்தால் போதும்.

இதற்கு ஏலத் துறையின் பதில் ஒன்று உண்டு; அதையும் கேட்க வேண்டும். தனி வியாபாரிகளின் மூடிய அறை பேரத்தைவிட ஏலம் வெளிப்படையானது என்பார்கள். ஊரறிய நடக்கிறது, பட்டியல் முன்கூட்டியே வருகிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், விலை பதிவாகிறது. இது உண்மை, ஸ்பீட்மாஸ்டர் விவகாரம் வெளிவந்ததற்கே ஒரு காரணம் ஏலப் பட்டியலின் படங்கள் எல்லோர் கைக்கும் கிடைத்ததுதான். அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்த ஆர்வலர்கள்தான் கேள்வி கேட்டார்கள். ஆனால் வெளிப்படையாக இருப்பது விலை மட்டுமே. நம் ஊர் ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவும்போது எதிரே நின்று கேட்பவர் இன்னார் என்று ஊருக்குத் தெரியும். ஜெனீவாவில் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் யார், விற்பவர் யார், விற்பவருக்கு முன்கூட்டியே உத்தரவாதத் தொகை கொடுத்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. விற்பவர் விரும்பும் குறைந்தபட்ச விலையும் ரகசியம். விலை மட்டும் வெளிச்சத்திலும் விலையை உண்டாக்கிய ஆட்கள் நிழலிலும் இருந்தால், அந்த வெளிச்சம் பாதி வேலையைத்தான் செய்யும்.

முதலீட்டு வாதத்தைச் சுருக்கமாகவே பார்க்கிறேன், அதற்கு மேல் அதற்குத் தகுதியில்லை. ஏறிய விலைகள் செய்தியாகின்றன. வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாயின் ரோலெக்ஸ் 2002இல் 3 லட்சத்து 42 ஆயிரம் ஃபிராங்க், 2017இல் 50 லட்சத்து 66 ஆயிரம். ஏறக்குறைய பதினைந்து மடங்கு. மேலே சொன்ன எஃகு 1518ஐயும் பாருங்கள். 2016இல் 1 கோடியே 10 லட்சத்துக்குப் போன அதே வாட்ச் 2025 நவம்பரில் 1 கோடியே 41 லட்சத்து 90 ஆயிரம் ஃபிராங்குக்குப் போனது. உலகம் வியந்த விலை. ஒன்பது ஆண்டுக்குக் கணக்கிட்டால் வருடத்துக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் ஏல நிறுவனத்தின் கட்டணம் விற்றவருக்கு வராது, காப்பீடும் பாதுகாப்பும் தனிச் செலவு. உச்சியில் உள்ள, ஐயமே இல்லாத வாட்சுக்கு இது. அதற்குக் கீழே உள்ளவற்றை வருமானத்துக்காக வாங்கச் சொல்பவர் ஏறியவற்றின் பட்டியலை மட்டும் காட்டுகிறார்.

கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கில் யார் ஏமாந்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அக்கறை ஏமாந்தவரின் பணத்தில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நுண்ணிய இயந்திரக் கலை பற்றி எஞ்சியிருக்கும் ஆவணமே இந்தப் பொருள்கள்தான். ஒரு ஃபிராங்கன்வாட்ச் செய்ய இரண்டு மூன்று உண்மையான பழைய வாட்சுகளைப் பிரித்தழிக்க வேண்டியிருக்கிறது. பிரித்த பின் அவற்றின் வரலாறு திரும்ப வராது. அதோடு, பொய்யான ஒன்று உச்ச விலையில் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்தால் அடுத்து வரும் ஆய்வாளர் உண்மையானதை அதோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்ப்பார். ஒரு பொய் அளவுகோலாகிவிடுகிறது.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. மாற்றிய உறுப்புகளையும் சந்தேகமானவற்றையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பட்டியலில் அச்சிடலாம். பெரிய விலை எதிர்பார்க்கும் வாட்சுக்கு, விற்பனையில் பங்கில்லாத, நிலையான கூலி வாங்கும் ஒருவரின் கருத்தைச் சேர்க்கலாம். வாட்சைச் செய்த கம்பெனியே வாங்கினால் அதை அன்றே அறிவிக்கலாம். இவை வரும்வரை வாங்குபவர் தன் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதமும் நவம்பரும் ஜெனீவா ஏரிக்கரை ஹோட்டல்களில் ஏலத்துக்கு முந்தைய நாள்களில் வாட்சுகளைப் பார்வைக்கு வைக்கிறார்கள். கேட்டால் எடுத்துக் கையில் கொடுப்பார்கள், பின்மூடியைத் திறந்தும் காட்டுவார்கள். பட்டியலில் படம் போடாத ஒன்று அந்த மூடியின் உட்பக்கம் இருக்கும்: காலங்காலமாக அதைத் திறந்து எண்ணெய் போட்ட ரிப்பேர்காரர்கள் ஊசி முனையால் கீறிவைத்த பொடிப்பொடியான எண்களும் தேதிகளும் முதலெழுத்துகளும். அடுத்த முறை வந்தால் தன் வேலை தனக்கே தெரிவதற்காக எழுதிக்கொண்டவை அவை. அந்த வாட்ச் ஒருநாள் என்ன விலைக்குப் போகும் என்று எழுதியவர்களில் யாருக்கும் தெரியாது.